மாஸ்டர், அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?

பாளையங்கோட்டையில் ஜிம் நடத்தும் அண்ணன்மார்களுக்கும், அங்கே பயிற்சி கொடுக்கும் மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

உங்களில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியும். மார்க்கெட் பக்கம் மெடிக்கல் வைத்திருக்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் நிற்க ஆரம்பித்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே எதிர் மாடியில் வெயிட் விழும் சத்தம் கேட்கும். பயிற்சி முடித்து இறங்குகிறவர்கள் நேரே என் கடைக்குத்தான் வருவார்கள். ஒருவருக்கு வலித் தைலம், இன்னொருவருக்கு வீட்டுக்கான சுகர் மாத்திரை. அப்படி வந்த ஒருவரால்தான் இந்த மடல்.

அவர் ஓய்வு பெற்ற வாத்தியார். வயது அறுபத்தெட்டு. நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன், வந்து ஆறு வருஷம். லெவோடோபா சேர்ந்த மாத்திரையை மாதாமாதம் என்னிடம்தான் வாங்குகிறார். போன ஐப்பசியில் ஒரு நாள் நனைந்த குடையை ஓரமாகச் சாத்திவிட்டு, "தம்பி, இந்த மாத்திரை சரியில்ல. வேற கம்பெனி இருந்தா குடு" என்றார். முன்பெல்லாம் போட்டு முக்கால் மணி நேரத்தில் கை நிலைக்கு வந்துவிடுமாம். இப்போது பத்து மணி வரைக்கும் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியவில்லை, வீட்டுக்காரம்மாதான் போட்டுவிடுகிறார் என்றார். சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மியது.

அட்டையை வாங்கிப் பார்த்தேன். காலாவதி ஆகவில்லை. வழக்கமான கம்பெனிதான். "எத்தனை மணிக்கு போடுறீங்க சார்?" என்று கேட்டேன். ஆறரைக்கு, ஜிம்முக்குப் போனதும். "வெறும் தண்ணியிலயா?" அதற்கு அவர் தோள்பையிலிருந்து நீல நிற ஷேக்கரை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். அடியில் இரண்டு விரற்கடை மீதி இருந்தது. தர்பூசணி வாசனை. 'வயசானா சதை வத்திப்போகும், அமினோ குடிச்சா நிக்கும்' என்று யாரோ சொல்ல, மகன் பெங்களூரிலிருந்து டப்பா வாங்கி அனுப்பியிருக்கிறார். ஜிம்மில் மாஸ்டர் தினமும் அன்போடு கலக்கிக் கொடுத்திருக்கிறார். வாத்தியாரும் அதே தண்ணீரில் மாத்திரையையும் விழுங்கியிருக்கிறார்.

இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். லெவோடோபா என்ற மருந்தே ஓர் அமினோ அமிலம்தான். குடலிலிருந்து ரத்தத்துக்குள் போகவும், ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகவும் அது தனக்கென்று வழி வைத்திருக்கவில்லை. லியூசின், ஐசோலியூசின், வாலின், டைரோசின் எல்லாம் நுழைகிற அதே வாசலில்தான் நுழைய வேண்டும். அவர் போட்ட மாத்திரையில் லெவோடோபா 100 மில்லிகிராம். ஷேக்கரில் இருந்த பிசிஏஏ, அதாவது அந்த லியூசின், ஐசோலியூசின், வாலின் மூன்றும் சேர்ந்து, ஒரு ஸ்கூப்புக்கு 5 கிராம். மில்லிகிராமில் சொன்னால் 5000. ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் கோயில் வாசலில் ஒருவர் உள்ளே போக நிற்கிறார், அவரோடு ஐம்பது பேர் முண்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் நடந்தது. மருந்தில் குறையில்லை, பவுடரிலும் குறையில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே வாசலுக்கு வந்துவிட்டன.

மாத்திரையைத் தனியாக, வெறும் தண்ணீரில், சாப்பாட்டுக்கு முன்பே போடச் சொல்லிவிட்டு, அந்த ஷேக்கரையும் டப்பாவையும் நரம்பு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்று அனுப்பினேன். டாக்டர் அமினோவை நிறுத்தினார். பருப்பு, முட்டை மாதிரி புரதம் கூடுதலாக உள்ளதையெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தள்ளி வைக்கச் சொன்னார். பத்து நாள் கழித்து வாத்தியார் வந்தார். கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். வேண்டுமென்றேதான் போட்டுக்கொண்டு வந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அந்த மாஸ்டர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்து டிப்ளமோவும் கொடுத்து உட்கார வைத்திருப்பது என்னைத்தான். மாதாமாதம் அட்டையை எண்ணிக் கொடுத்த நானும் 'வேறு ஏதாவது சேர்த்துச் சாப்பிடுகிறீர்களா?' என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அதனால் கீழே எழுதுவதையெல்லாம் எனக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

சரி, முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அமினோ அமிலம் விஷம் அல்ல. நாம் சாப்பிடுகிற புரதம் எல்லாமே வயிற்றுக்குள் உடைந்து அதுவாகத்தான் மாறுகிறது. புரதம் கட்டப்படுவது இருபது வகை அமினோ அமிலத்தால். அதில் ஒன்பதை உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். பிசிஏஏ டப்பாவில் இருப்பது அந்த ஒன்பதில் மூன்றே மூன்று. சதை கட்ட ஒன்பதும் வேண்டும். கொத்தனாருக்குச் செங்கலை மட்டும் லாரி லாரியாக இறக்கிவிட்டு, சிமெண்டையும் மணலையும் மறந்துவிட்ட கதை. நாலு முட்டை சாப்பிட்டாலே ஏறக்குறைய 5 கிராம் பிசிஏஏ உள்ளே போய்விடுகிறது, மற்ற ஆறும் கூடவே போகிறது. முட்டை என்ன விலை, டப்பா என்ன விலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கும் அவ்வளவு பெரியதில்லை. சாதாரண ஆளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல் சொன்னது. 70 கிலோ ஆளுக்கு நாளைக்கு 58 கிராம். கடுமையாக வெயிட் தூக்குகிறவருக்கு 1.6 வரை போகலாம் என்று விளையாட்டு ஊட்டச்சத்துக்காரர்கள் சொல்கிறார்கள், அப்படியும் 112தான். இட்லியும் ரசமுமாகச் சாப்பிட்டு வளர்கிற பையனுக்கு அது எட்டாது, ஒத்துக்கொள்கிறேன். அங்கே பவுடருக்கு ஓர் இடம் உண்டு. எல்லாவற்றையும் தூக்கிக் குப்பையில் போடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நானே அலமாரியில் வைத்து விற்கிறேன்.

ஆளைக் கேட்காமல் கொடுப்பதுதான் என் கவலை. வாத்தியார் கதையில் ஒரு மாத்திரை வேலை செய்யாமல் போனது, அவ்வளவுதான். அர்ஜினின் விஷயம் அப்படியில்லை.

பயிற்சிக்கு முன்னால் குடிக்கிற பவுடர் பலவற்றில் எல்-அர்ஜினின் இருக்கும், இல்லாவிட்டால் உடம்பில் அர்ஜினினாக மாறும் சிட்ருலின் இருக்கும். அதிலிருந்து உடம்பு நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கிறது, அது ரத்தக் குழாயைத் தளர்த்துகிறது. 'பம்ப்', அதாவது தசை புடைத்து நிற்பது, வேண்டும் என்று பையன்கள் அதைத்தான் கேட்கிறார்கள். குழாயைத் தளர்த்தினால் இதயத்துக்கு நல்லதுதானே என்று அமெரிக்காவில் டாக்டர்களும் நினைத்தார்கள். மாரடைப்பு வந்து பிழைத்த 153 பேரை எடுத்து, ஒரு பாதிக்கு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு 3 கிராம் என்று அர்ஜினினும், மறு பாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்து ஆறு மாதம் பார்க்கத் திட்டமிட்டார்கள். அர்ஜினின் சாப்பிட்டவர்களில் 6 பேர் இறந்தார்கள். மறுபக்கம் ஒருவர்கூட இறக்கவில்லை. ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்தினார்கள். 2006ல் முடிவு வெளிவந்தது: மாரடைப்பு வந்தவர்களுக்கு இதைக் கொடுக்காதீர்கள். சிறிய ஆராய்ச்சிதான், ஆனால் அதைத் திரும்பச் செய்து பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை, உங்களுக்கும் வேண்டாம்.

உங்கள் கூடத்தில் மாரடைப்பு வந்தவர் யாருமில்லை என்கிறீர்களா? ராத்திரி எட்டு மணி பேட்ச்சைப் பாருங்கள். நாற்பத்தைந்து, ஐம்பது வயசுக்காரர்கள் வருவது ஏன்? ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டர் 'உடம்பைக் குறை' என்று சொன்னதால் வருகிறார்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அர்ஜினின் சேர்ந்தால் அழுத்தம் சட்டென இறங்கலாம். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற நைட்ரேட் மாத்திரைக்காரருக்கும் அப்படியே. அழுத்தத்தை இறக்குகிற இன்னொரு மாத்திரையும் உண்டு, ஆண்மைக் குறைவுக்குச் சாப்பிடுகிற சில்டெனாஃபில். வாங்க வருகிறவர் கடையில் வேறு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வருவார், குரலும் இறங்கிவிடும். அதை உங்களிடம் அவர் வாயால் சொல்ல மாட்டார். அதனால்தான் கேட்கும்போது பத்துப் பேருக்கு நடுவில் கேட்காதீர்கள், தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

மனநல மருந்து சாப்பிடுகிறவர்களும் அப்படித்தான், சொல்ல மாட்டார்கள். எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்றவை இன்று சாதாரணமாகிவிட்டன. கல்லூரிப் பிள்ளைகளே மருந்துச் சீட்டோடு வருகிறார்கள். அவர்களில் ஒரு பெண் தூக்கம் வரவில்லை என்று ஆன்லைனில் 5-எச்டிபி வாங்கியிருந்தாள். டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து உடம்பு செய்கிற பொருள் அது, அடுத்த படியில் செரட்டோனின் என்ற, மூளையில் செய்தி கடத்துகிற பொருளாகிவிடும். அந்த மாத்திரைகளும் செரட்டோனினைக் கூட்டத்தான் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து அளவு மீறினால் கைகால் உதறல், வியர்வை, படபடப்பு, காய்ச்சல் வரை போகலாம், முற்றினால் உயிருக்கே ஆபத்து. 'இயற்கையானது' என்று டப்பாவில் போட்டிருக்கிறதே என்றாள். நல்லவேளை, திறக்காமலே கொண்டுவந்து காட்டினாள்.

டிரிப்டோஃபான் பேச்சு வந்ததால் ஒரு பழைய கதை. உங்கள் தொழிலை நேராகத் தொடுகிற கதை, அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

1989 கடைசியில் அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ மாநிலத்து டாக்டர்கள் விசித்திரமான நோயாளிகளைப் பார்த்தார்கள். தாங்க முடியாத தசைவலி, ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற ஒருவகை வெள்ளை அணு எக்கச்சக்கம். விசாரித்தால் எல்லோரும் தூக்கத்துக்கோ வேறு எதற்கோ எல்-டிரிப்டோஃபான் சாப்பிட்டவர்கள். பிறகு நாடு முழுக்க 1500 பேருக்கு மேல் வந்தது, 37 பேராவது இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலர் வருஷக்கணக்கில் வலியோடு கிடந்தார்கள். தேடிக்கொண்டே போனபோது சரக்கு பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் முடிந்தது: ஜப்பானின் ஷோவா டென்கோ நிறுவனம். பாக்டீரியாவை வைத்து டிரிப்டோஃபான் தயாரித்துவந்தவர்கள் அவர்கள். அந்தச் சமயத்தில் பாக்டீரியா வகையை மாற்றியிருந்தார்கள், வடிகட்டுகிற கரித்தூளின் அளவையும் குறைத்திருந்தார்கள். அந்தச் சரக்கில் மிகச் சிறிய அளவில் மாசுப் பொருட்கள் தங்கியிருந்தன.

மருந்தாளுநர் படிப்பில் இதை ஒரு பாராவாகப் படித்துவிட்டுப் போய்விடுவோம். எனக்கு இப்போது இதில் முக்கியமாகப் படுவது வேறு. குற்றவாளியைப் பிடிக்க முடிந்ததே டப்பாவில் கம்பெனி பெயரும் பேட்ச் நம்பரும் இருந்ததால்தான். எந்தக் கடை, எந்த பேட்ச், எங்கிருந்து வந்த மூலப்பொருள் என்று பின்னோக்கி நடந்து போனார்கள்.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். ஜிம் ரிசப்ஷனில் பெரிய டப்பா திறந்திருக்கும். ஒரு ஸ்கூப் இவ்வளவு என்று லூசில் விற்பீர்கள். பையன் ஷேக்கரை நீட்டுவான், போட்டுக் கொடுப்பீர்கள். சிலருக்குப் பாலித்தீன் கவரில் ஒரு வாரத்துக்குக் கட்டியும் கொடுப்பீர்கள். நாளைக்கு அவனுக்கு ஏதாவது ஆனால் ஆஸ்பத்திரியில் டாக்டர் 'என்ன சாப்பிட்டாய்?' என்று கேட்பார். 'மாஸ்டர் குடுத்த பவுடர்' என்பான். அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். பேட்ச் நம்பர் டப்பாவோடு எப்போதோ பழைய பேப்பர்காரரிடம் போயிருக்கும்.

ஒரு கோரிக்கைதான். லூஸ் வேண்டாம். சின்ன டப்பாவாக இருந்தாலும் சீல் பிரிக்காமல் அவன் கையிலேயே கொடுங்கள். உணவுப் பாதுகாப்புக்கான மத்திய ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா, வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதி செய்தவரின் பெயரும் உரிம எண்ணும் உள்ள ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 'மருந்தாகப் பயன்படுத்தக் கூடாது', 'சொன்ன அளவைத் தாண்டக் கூடாது' என்ற வாசகங்களும் லேபிளில் இருந்தாக வேண்டும். ஸ்டிக்கர் இல்லாமல் 'துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்தது' என்று பாதி விலைக்கு வருவதைத் தொடாதீர்கள்.

உரிம எண் இருந்தால் எல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன். கேரளத்துக் கல்லீரல் டாக்டர்கள் உட்பட ஒரு குழு இந்தியச் சந்தையில் கிடைக்கும் 36 புரதப் பவுடர்களை வாங்கி ஆய்வுக்கூடத்தில் சோதித்து 2024ல் எழுதினார்கள். கிட்டத்தட்ட எழுபது சதவீதப் பவுடர்களில் லேபிளில் சொன்ன புரத அளவும் உள்ளே இருந்ததும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் பூஞ்சை நஞ்சான அஃப்லாடாக்ஸினும் இருந்தது. அதோடு ஒரு தந்திரம் இருக்கிறது. புரதம் எவ்வளவு என்று சோதிக்கும் பழைய முறை நைட்ரஜனைத்தான் அளக்கும். கிளைசின், டாரின் மாதிரி விலை மலிந்த அமினோ பொருட்களைக் கலந்துவிட்டால் நைட்ரஜன் கூடும், தாளில் புரதமும் கூடும். 2008ல் சீனாவில் பாலில் மெலமினைக் கலந்ததும் இதே நைட்ரஜன் கணக்கை ஏமாற்றத்தான். உங்கள் டப்பாவின் பின்பக்கம், சேர்மானப் பட்டியலில் கிளைசினோ டாரினோ தனியாக எழுதியிருந்தால், ஏன் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

கிரியேட்டின் பற்றி ஒரு வரி சொல்லாவிட்டால் என்னைச் சும்மா விட மாட்டீர்கள். அதை உடம்பு மூன்று அமினோ அமிலங்களிலிருந்து தானே செய்கிறது. நல்ல ஆரோக்கியத்தில் உள்ளவர் நாளைக்கு 3 முதல் 5 கிராம் சாப்பிட்டால் கிட்னி கெட்டுப்போகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் ரத்தப் பரிசோதனையில், கிட்னி எப்படி இருக்கிறது என்று பார்க்க அளக்கிற கிரியேட்டினின் கொஞ்சம் கூடிக் காட்டலாம், ஏனென்றால் கிரியேட்டின் உடைந்துதான் கிரியேட்டினின் ஆகிறது. ஒரு தாய் மகனின் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் கடையில் அழுதார். 1.5 என்று இருந்தது. பையன் கிரியேட்டின் சாப்பிடுவதை ரத்தம் எடுத்த இடத்திலும் சொல்லவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் சிஸ்டாடின்-சி என்ற இன்னொரு பரிசோதனையை எழுதியிருப்பார். அப்புறம் எழுதினார், சரியாக இருந்தது. மாறாக, ஏற்கெனவே கிட்னி கோளாறு உள்ளவருக்கு டாக்டரைக் கேட்காமல் இது எதுவுமே வேண்டாம். கோளாறு இருப்பதே தெரியாமல் நடமாடுகிறவர்கள் சுகர்காரர்களில் நிறைய. பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டப்பாவை நீட்டவே வேண்டாம்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த மடலை எழுதினால் அது யோக்கியமாக இருக்காது. ஒரு மாஸ்டருக்கு மாதம் என்ன சம்பளம் என்று எனக்குத் தெரியும், டப்பா கமிஷன் இல்லாவிட்டால் வீட்டு வாடகை கட்ட முடியாது என்பதும் தெரியும். எனக்கு மட்டும் என்ன, மாத்திரை அட்டையில் கிடைக்கிறதைவிடப் பவுடரில் லாபம் அதிகம். கமிஷனை விடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. விற்பதற்கு முன்னால் கேளுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

உங்கள் கூடங்களில் சேருகிறவர்களுக்கு ஒரு படிவம் கொடுப்பீர்களே, பெயர், வயசு, உயரம், எடை, போன் நம்பர், அப்புறம் 'எடை கூட்டவா, குறைக்கவா' என்று. அதில் இன்னும் ஒரு வரி சேர்த்து அச்சடியுங்கள்: 'தினமும் சாப்பிடும் மாத்திரைகள்'. அந்த வரியில் எது எழுதியிருந்தாலும், பவுடர் கேட்கும்போது அந்தத் தாளை போட்டோ எடுத்து அவரிடமே கொடுத்து என் கடைக்கோ, அவர் வழக்கமாகப் போகிற மெடிக்கலுக்கோ, டாக்டரிடமோ அனுப்புங்கள். நான் படித்துச் சொல்கிறேன், காசு வேண்டாம். என் பக்கத்துக்கு நானும் ஒன்று செய்திருக்கிறேன். மாத மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் 'ஜிம்முக்குப் போறீங்களா, ஏதாவது பவுடர் குடிக்கிறீங்களா?' என்று கேட்கச் சொல்லி, கடைப் பையன்கள் பார்க்கிற மாதிரி கவுண்டருக்கு உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். முதல் வாரம் அவர்களுக்குச் சிரிப்புதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு மேல் கடையில் கூட்டம் இருக்காது. உங்களிடம் இருக்கிற டப்பாக்களைத் திறந்தது, திறக்காதது என்று பார்க்காமல் எடுத்துக்கொண்டு வாருங்கள். உட்கார்ந்து லேபிளைப் படிப்போம். பூதக்கண்ணாடி என்னிடம் இருக்கிறது, எழுத்து அவ்வளவு பொடி.

இப்படிக்கு,
உங்கள் எதிர்க்கடை மருந்தாளுநர்